முள்ளுக்கு அஞ்சாத சக்கரம்



'உஸ்ஸ்...' என்னும் ஒலியை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? பாம்பின் சீற்றமோ என்று பயந்துவிடாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத சாலையில், சைக்கிள் டயரிலிருந்து காற்று வெளியேறும் ஒலிதான் அது. சென்ற செப்டம்பர் மாதம், காலாண்டுத் தேர்வில் அறிவியல் தேர்வு நாளன்று, காலை எட்டே முக்கால் மணிக்கு நான் அதைக் கேட்டேன். பள்ளிக்கு இன்னும் 4 கிலோமீட்டர் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது தேர்வு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. வியர்த்து நின்ற என்னைப் பார்த்த தலைமையாசிரியை சிஸ்டர், ஒன்றும் கேட்காமல் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். கடைசி ஐந்து மதிப்பெண் வினாவை எழுத நேரமில்லாமல் போயிற்று.

அன்று மாலை வீட்டில் அப்பா ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்: "இனி சைக்கிள் வேண்டாம்மா. ஆட்டோவில் போ." எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களை ஒட்டி, பள்ளியிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் பள்ளி நேரத்துக்கு ஏற்ற பேருந்து கிடையாது. ஆட்டோவுக்கு மாதந்தோறும் கொடுக்க வேண்டிய பணமோ, உப்பளத்தில் வேலை செய்யும் அப்பாவின் நான்கு நாள் கூலி. என் அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்கும் இந்தத் தூரமே காரணம். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியைப் பெறும் வரை அவளால் வர முடியவில்லை. ஆகவே நான் அப்பாவிடம் ஒரு மாதத் தவணை கேட்டேன். "பஞ்சர் ஆகாத வழியைக் கண்டுபிடிக்கிறேன். முடியாவிட்டால் நீங்கள் சொன்னபடி கேட்கிறேன்" என்றேன். அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதையே இக்கட்டுரையில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

டயர் பிறந்த கதை

ஆதியில் சைக்கிள் சக்கரத்துக்கு இரும்புப் பட்டமோ கெட்டி ரப்பரோதான் இருந்தது. அதில் பஞ்சர் ஆகாது. ஆனால் ஓட்டுபவரின் எலும்பெல்லாம் ஆடிவிடும்! காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் 1845-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்து நாட்டினரான ராபர்ட் வில்லியம் தாம்சன். எனினும் அது அன்று பரவவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமென்று காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். அதற்கு 1888-இல் அவர் காப்புரிமை பெற்ற பின்னரே காற்று டயர் உலகெங்கும் பரவியது. தொடக்க கால டயர்கள் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்ததால் பஞ்சர் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. 1891-இல் பிரான்சு நாட்டின் மிஷெலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்து அந்தத் துன்பத்தைக் குறைத்தனர். சுகமான பயணத்துக்கு நாம் கொடுக்கும் விலையே பஞ்சர் என்பது இவ்வரலாற்றிலிருந்து விளங்கும்.

என் பஞ்சர்க் கணக்கு

எங்கள் ஊர் விலக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் எனக்கு இந்தப் பாடத்தின் ஆசிரியர். சூன் மாதம் முதல் பஞ்சர் ஆனபோதே அவர் என்னிடம், "பாப்பா, சும்மா டயரைக் குத்தம் சொல்லாத. ஒவ்வொரு பஞ்சரும் எதனால வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வை. அப்புறமா டயரப் பத்திப் பேசுவோம்" என்றார். விளையாட்டாக எழுதத் தொடங்கினேன். செப்டம்பர் முடிய எட்டு பஞ்சர்கள்! அவற்றின் கணக்கு இதோ:

சீமைக் கருவேல முள் குத்தியது: 4.
குழியில் இறங்கியபோது டியூப் நசுங்கியது: 2.
லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பி குத்தியது: 1.
முதல் நாள் குத்திய முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டியதால் மறுநாள் மீண்டும் ஆனது: 1.

கணக்கைப் பார்த்ததும் ஓர் உண்மை புலப்பட்டது. முள்ளும் கம்பியுமாக வந்த ஐந்தைத்தான் நல்ல டயரால் தடுக்க முடியும். குழியில் வந்த இரண்டும் காற்றுக் குறைவால் வந்தவை. மீதி ஒன்று நம் கவனக்குறைவு. எவ்வளவு விலை கொடுத்து டயர் வாங்கினாலும் இந்த மூன்றும் வரத்தான் செய்யும். எனவே டயரை மாற்றுவதோடு பழக்கத்தையும் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

டயருக்குள் என்ன இருக்கிறது?

பார்வைக்கு ஒரே கறுப்பு ரப்பராகத் தோன்றும் டயர் உண்மையில் மூன்று நான்கு பொருள்களின் கூட்டு. அண்ணாச்சி ஒரு பழைய டயரைக் குறுக்கே அறுத்துக் காட்டினார்.

உட்புறத்தில் இருப்பது நைலான் நூல்களாலான துணி. இதுவே டயரின் உடல். ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று சில டயர்களில் அச்சிட்டிருப்பார்கள். 120 என்றால் நூல் மெல்லியது, டயர் இலேசாகவும் நெகிழ்வாகவும் ஓடும், பந்தயத்துக்கு ஏற்றது. 30 அல்லது 60 என்றால் நூல் தடித்தது. டயர் சற்றுக் கனமாக இருந்தாலும் முரட்டுச் சாலையைத் தாங்கும். எண் பெரிதாக இருந்தால் உழைப்பும் பெரிது என்று நான் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறு!

இரு ஓரங்களிலும் ரிம்மைப் பற்றிக்கொள்ள எஃகுக் கம்பி வளையம் உண்டு. விலை உயர்ந்த மடக்கு டயர்களில் எஃகுக்குப் பதில் வலுவான நூல் இருக்கும். எடை சற்றுக் குறையும். மடித்துப் பையில் வைக்கலாம். ஆனால் பஞ்சருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே பள்ளிக்குச் சென்று வரும் நமக்கு எஃகுக் கம்பி டயரே போதும், விலையும் குறைவு.

வெளியே சாலையைத் தொடுவது ரப்பர் மேற்பரப்பு. இதற்கும் துணிக்கும் நடுவில்தான் பஞ்சர் தடுப்புப் பட்டை மறைந்திருக்கிறது. சாதாரண டயர்களில் இது இருக்காது. இந்தப் பட்டை இருவகைப்படும். முதல் வகை, அராமிட் என்னும் மிக வலிய நூலால் நெய்த மெல்லிய பட்டை. இது கண்ணாடிச் சில்லு, கூர்மையான கல் ஆகியவற்றின் வெட்டை நன்கு தடுக்கும், எடையும் குறைவு. ஆனால் ஊசி போன்ற முள், நூலுக்கும் நூலுக்கும் இடையே நுழைந்துவிடக் கூடும். இரண்டாம் வகை, நெகிழ்வான தடித்த ரப்பர்ப் பட்டை. சில டயர்களில் இது 5 மில்லிமீட்டர் வரை இருக்கிறது. முள் உள்ளே போனாலும் டியூபை எட்டுவதற்குள் அதன் நீளம் முடிந்துவிடும். எடை கூடுதல் என்பதே இதன் குறை.

கண்ணாடிச் சில்லு மிகுந்த நகரச் சாலைக்கு முதல் வகை. முள் மிகுந்த எங்கள் சாலைக்கு இரண்டாம் வகை. என் பஞ்சர்க் கணக்கு இங்கேதான் எனக்கு உதவியது. முள் நான்கு, கண்ணாடி சுழியம் அல்லவா?

ஒரு பெண்மணியின் நூல்

அராமிட் வகையைச் சேர்ந்த கெவ்லார் நூலைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவர் பெயர் ஸ்டெஃபனி குவோலெக். மருத்துவம் படிக்க விரும்பிய அவர், அதற்குப் பணம் சேர்ப்பதற்காக அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வேதியியலாளராகச் சேர்ந்தார். பின்பு வேதியியலிலேயே மனம் ஒன்றி அங்கேயே தங்கிவிட்டார். கார் டயர்களை வலுப்படுத்த, எஃகுக்குப் பதிலாக எடை குறைந்த நூல் ஒன்றைத் தேடும் பணி அவரிடம் வந்தது. 1965-இல் அவர் தயாரித்த ஒரு கரைசல், வழக்கம்போல் தெளிந்த பாகாக இல்லாமல் கலங்கலாகவும் நீர்த்தும் இருந்தது. அதை நூலாக நூற்றால் இயந்திரத்தின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று இயந்திரத்தை இயக்குபவர் முதலில் மறுத்துவிட்டார். அம்மையார் விடாமல் வற்புறுத்தி நூற்கச் செய்தார். கிடைத்த நூலோ, எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை உடையதாக இருந்தது! குண்டு துளைக்காத உடையும் அதிலிருந்தே பிறந்தது. கெட்டுப்போனது என்று கொட்டிவிடாமல் ஒரு முறை சோதித்துப் பார்த்ததன் பயன் எவ்வளவு பெரிது, பாருங்கள்!

அளவறிந்து வாங்குவோம்

"26 இஞ்ச் டயர் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்து, வீட்டில் மாட்ட முடியாமல் விழித்தவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. அம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளுக்கு அப்பா வாங்கி வந்த டயர், ரிம்மில் உட்காரவே மறுத்தது. காரணம், 26 இஞ்ச் என்ற ஒரே பெயரில் பல அளவுகள் உள்ளன. நம்பத் தகுந்தது டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் இரட்டை எண்ணே. 37-590 என்றால், டயரின் அகலம் 37 மில்லிமீட்டர். ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் 590 மில்லிமீட்டர். அம்மாவின் சைக்கிளுக்கு வேண்டியது இதுதான். மலைச்சாலை சைக்கிளுக்கான 26 இஞ்ச் டயரிலோ இரண்டாம் எண் 559. இரண்டுக்கும் 31 மில்லிமீட்டர் வேறுபாடு! அதுபோலவே நம் தாத்தாக்கள் ஓட்டிய 28 இஞ்ச் பெரிய சைக்கிளுக்கு 635. ரோடு பைக்குக்கு 622. இரண்டாம் எண் ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மாமா, மோட்டார் சைக்கிள் வாங்கியதும் தம் ரோடு பைக்கை எனக்குக் கொடுத்தார். அதில் இருந்தது 25-622. அதாவது கடைகளில் 700-25C என்று கேட்கப்படும் ஒல்லியான டயர். முதல் எண்ணைக் கூட்டலாமா? கூட்டலாம், ஆனால் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயருக்கும் பிரேக்குக்கும் நடுவிலும், டயருக்கும் சட்டத்துக்கும் நடுவிலும் பக்கத்துக்கு 4 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மழையில் ஒட்டும் சேறே சக்கரத்தைப் பிடித்துவிடும். நான் அளவுகோல் வைத்து அளந்து பார்த்தேன். 32 நுழையாது, 28 தாராளமாக நுழையும். ஆகவே 28-622 என்று குறித்துக்கொண்டேன்.

காற்றே காவல்

டயரைச் சுமப்பது ரப்பர் அல்ல, காற்று. இதை நம் அறிவியல் பாடத்தில் உள்ள 'அழுத்தம் = விசை / பரப்பு' என்னும் சூத்திரத்தைக் கொண்டே விளக்கலாம். நான், என் புத்தகப் பை, சைக்கிள் மூன்றும் சேர்ந்து சுமார் 64 கிலோ. இதில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது சுமார் 38 கிலோ, பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. டயரில் 75 பவுண்டு காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 5.3 கிலோ அழுத்தம். 38-ஐ 5.3-ஆல் வகுத்தால் 7 சதுர சென்டிமீட்டர் வருகிறது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய இடத்தில் அத்தனை எடையும் நிற்கிறது! காற்றைப் பாதியாகக் குறைத்தால் இந்த இடம் இரு மடங்காகும். அதாவது டயர் தட்டையாகும். அப்போது குழியில் இறங்கினால் ரிம் கீழே இடித்து, டியூபை நடுவில் வைத்து நசுக்கும். டியூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். பாம்பு கடித்த தடம் போல இருப்பதால் இதைப் பாம்புக்கடி என்றே சொல்வார்கள்.

அதற்காகத் தாங்கும் மட்டும் காற்றை அடிப்பதும் தவறு. கல்லாகிவிட்ட டயர் குதிக்கும், பிடிப்புக் குறையும். எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று டயரின் பக்கத்திலேயே பொறித்திருப்பார்கள். அந்த வரம்புக்குள், உடல் எடைக்கு ஏற்ப அடிக்க வேண்டும். நான் பின்னால் 75, முன்னால் 65 வைக்கிறேன். ரப்பரின் வழியே காற்று மெல்ல மெல்லக் கசிவது இயற்கை. ஒல்லியான டயரில் அது விரைவில் தெரியும். ஆகவே வாரம் ஒரு முறை அளவுமானி உள்ள பம்பால் பார்ப்பது அவசியம். "காத்து இருக்கான்னு கட்டை விரலால அமுக்கிப் பார்க்காத பாப்பா, விரலு பொய் சொல்லும்" என்பார் அண்ணாச்சி.

எதை விட்டுக் கொடுப்பது?

எல்லா நன்மையும் ஒரே டயரில் கிடைக்காது. உழைப்பு, வேகம், விலை ஆகிய மூன்றில் ஒன்றையாவது நாம் விட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். பந்தயம் ஓடுபவர் உழைப்பை விட்டுக் கொடுப்பார். எனக்கு முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் இருந்தால் போதும். ஆகவே வேகத்தைச் சிறிது விட்டுக் கொடுத்தேன். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்ததில் பழைய டயர் 300 கிராமுக்குச் சற்று மேல். தடித்த பட்டை உள்ள புதிய டயர் 600 கிராம். முன்பு அரை மணியில் வந்த தூரத்துக்கு இப்போது இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. அவ்வளவே! விலை ஏறக்குறைய இரு மடங்கு. அதை மாமாவும் அம்மாவின் தையல் பணமும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன.

மேற்பரப்பில் ஆழமான கோடும் கட்டமும் இருந்தால்தான் மழையில் வழுக்காது என்று நினைத்திருந்தேன். மோட்டார் காருக்கு அது சரி. சைக்கிள் டயரோ ஒல்லியானது, வளைந்தது. நாம் போகும் வேகத்தில் தண்ணீரைத் தானே இரு பக்கமும் ஒதுக்கிவிடும். தார்ச்சாலைக்கு வழவழப்பான டயரே ஏற்றது. ஆழமான கோடுகள் சிறு கற்களைப் பிடித்துவைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

வேறு வழிகளும் இல்லாமல் இல்லை. பழைய டியூபை வெட்டி டயருக்குள் பட்டையாக வைப்பார்கள். செலவில்லாத வழிதான், ஆனால் அதன் விளிம்பு உரசியே டியூபில் ஓட்டை விழுவதுண்டு. டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் சிறிய துளைகளை உடனே அடைக்கும், நாளடைவில் உலர்ந்துவிடும். காற்றே இல்லாத கெட்டி டயரும் கிடைக்கிறது, பஞ்சரே ஆகாது. ஆனால் டன்லப் தம் மகனுக்காக எந்தக் குலுக்கலைப் போக்கினாரோ அந்தக் குலுக்கல் திரும்ப வந்துவிடும்!

வாங்கிய பின் செய்ய வேண்டியவை

நல்ல டயரும் கவனிப்பாரின்றி உழைக்காது. நான் பின்பற்றுபவற்றைச் சொல்கிறேன்.

ஞாயிறு தோறும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மேற்பரப்பில் பதிந்திருக்கும் முள்ளையும் கல்லையும் ஊக்கால் எடுத்துவிடுவேன். முள் பெரும்பாலும் குத்திய உடனே டியூபை எட்டுவதில்லை. சக்கரம் சுற்றச் சுற்றச் சிறிது சிறிதாக உள்ளே இறங்குகிறது. முன்கூட்டியே எடுத்துவிட்டால் பஞ்சரும் இல்லை.

டயரை மாட்டும்போது அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக இருக்கும்படி மாட்ட வேண்டும். பஞ்சர் ஆனால், வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி டியூபில் ஓட்டை இருக்கிறதோ, அதே தூரத்தில் டயரில் தேடினால் முள் அகப்படும். டயரின் உட்புறத்தை விரலால் தடவாதீர்கள். ஒரு பஞ்சுத் துண்டால் துடையுங்கள். முள் இருக்குமிடத்தில் பஞ்சு சிக்கிக்கொள்ளும்.

எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். சங்கிலிக்கு விடும் எண்ணெய் டயரில் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். வெயிலில் நாள் முழுதும் நிறுத்தினால் பக்கவாட்டில் வெடிப்பு விழும். பின் டயரே முதலில் தேயும். அது தேய்ந்ததும் முன் டயரைப் பின்னால் மாற்றிவிட்டு, புதியதை முன்னால் போடுவது நல்லது. ஏனெனில் முன் டயர் வெடித்தால்தான் விழும் ஆபத்து அதிகம். மேற்பரப்பு தேய்ந்து உட்துணி தெரிந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

முடிவுரை

அக்டோபர் முதல் வாரத்தில் புதிய டயர்களை மாட்டினோம். இன்று பிப்ரவரி பிறந்துவிட்டது. இந்த நான்கு மாதத்தில் ஒரே ஒரு பஞ்சர். அதுவும் என் சுண்டுவிரல் நீளக் கருவேல முள். அதையும் நானே வழியில் ஒட்டிக்கொண்டு, முதல் மணிக்கு முன்பே பள்ளிக்குள் நுழைந்தேன். அரையாண்டு அறிவியல் தேர்வில் கடைசி வினா வரை எழுதினேன். அப்பா ஆட்டோப் பேச்சை எடுப்பதே இல்லை. சென்ற வாரம் அவர் தம் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாரும்மா" என்றார்!

தோழியரே, வரும் கல்வியாண்டில் நம்மில் பலர் பதினோராம் வகுப்பில் மிதிவண்டி பெறுவோம். மணி ஒலிக்கிறதா, நிறம் அழகா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், குனிந்து டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களையும் படியுங்கள். ஒரு நோட்டில் பஞ்சர்க் கணக்கு எழுதுங்கள். அம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளுக்கு இப்போது 37-590 டயர் போட்டாயிற்று. அக்கா சூன் மாதம் அதில்தான் தனித்தேர்வுப் பயிற்சிக்குப் போகப் போகிறாள். அவளுக்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி